கைசர் காலத்து வெள்ளி நினைவு நாணயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மனியில் அரச வீட்டுக் கல்யாணம், பட்டமேற்ற ஆண்டு நிறைவு, நூறாண்டுக்கு முந்தைய போர் வெற்றி என்று எதற்கெடுத்தாலும் ஒரு வெள்ளிக் காசு வந்தது. பெரிதாக, பளிச்சென்று, கதை சொல்லும் காசுகள் என்பதால் வெளிநாட்டு நாணயம் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் இவற்றில் எளிதாக மயங்குகிறார்கள். போலி செய்கிறவர்களுக்கும் அது தெரியும். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இவை நாணயங்களா, பதக்கங்களா?

நாணயங்கள்தான். இரண்டு மார்க், மூன்று மார்க், ஐந்து மார்க் என்று மதிப்பு பொறிக்கப்பட்டு, கடையில் கொடுத்துச் சாமான் வாங்கும்படி அரசு வெளியிட்டவை. அந்தக் காலத்து ஜெர்மன் வெள்ளி வட்டத்தில் மதிப்பு எழுதியில்லை என்றால் அது பதக்கம். அதை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், செய்தும் விற்றார்கள்.

இந்த வேறுபாட்டைக் காட்ட லூசிடானியா பதக்கத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. மியூனிக் நகரச் சிற்பி கார்ல் கோட்ஸ், லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்ததைக் கிண்டல் செய்து ஒரு பதக்கம் வார்த்தார். கப்பல் மூழ்கியது 1915 மே 7. அவர் பதித்த தேதி மே 5. தாக்குதல் முன்கூட்டியே திட்டமிட்டது என்பதற்கு இதுவே சாட்சி என்று பிரிட்டன் பிடித்துக்கொண்டது. அதே தவறான தேதியோடு லட்சக்கணக்கில் நகல் எடுத்துப் பிரச்சாரத்துக்கு விற்றது. அரசு நாணயத்தில் இப்படியொரு தேதிப் பிழை கைகளைக் கடந்து வெளியே வருவது கடினம். தனியார் பதக்கத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

செதுக்கியவையா, அச்சடித்தவையா?

செதுக்கப்பட்டது அச்சு, அந்த அச்சில் அடிக்கப்பட்டது காசு. சிற்பி முதலில் பெரிய அளவில் ஒரு மாதிரியைச் செய்வார். அதைச் சிறிதாக்கும் இயந்திரம் எஃகில் நகலெடுக்கும். அந்த எஃகு அச்சுகள் இரண்டுக்கும் நடுவே வெள்ளி வில்லையை வைத்து அழுத்தினால் காசு. அச்சடித்த பிறகு கையால் எதையாவது செதுக்கிய காசு என்று ஒன்று விற்பனைக்கு வந்தால், சேகரிப்பாளர் கணக்கில் அது சேதமடைந்த காசு. அதற்கு ஒரு அருமையான விதிவிலக்கு உண்டு. எம்டன் பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

ஒரு காசில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது?

கணக்கு மிகவும் நேர்த்தியானது. ஒரு கிலோ சுத்த வெள்ளியிலிருந்து 200 மார்க் அடிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் மார்க்குக்கு 5 கிராம். இரண்டு மார்க்கில் 10, மூன்று மார்க்கில் 15, ஐந்து மார்க்கில் 25 கிராம் சுத்த வெள்ளி. தரம் ஆயிரத்துக்கு 900, மீதி செம்பு. ஆகவே மொத்த எடை முறையே 11.11, 16.67, 27.78 கிராம். குறுக்களவு 28, 33, 38 மில்லிமீட்டர்.

இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சுத்த வெள்ளியின் எடையை வாங்கும் நாளின் வெள்ளி விலையோடு பெருக்கினால் காசின் அடிமட்ட விலை தெரிந்துவிடும். அதற்குக் கீழே யாராவது விற்கிறார் என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

ஒரே நாட்டுக் காசுகளில் ஏன் இத்தனை அரசர்களின் தலைகள்?

1871-இல் உருவான ஜெர்மன் பேரரசில் 22 முடியாட்சிகளும் மூன்று சுதந்திர நகரங்களும் இருந்தன. கைசர் என்ற பேரரசர் எல்லோருக்கும் மேலே; மிகப் பெரிய அரசான பிரஷ்யாவுக்கு அவரே அரசர். ஆனால் பவேரியாவுக்குத் தன் அரசர், சாக்சனிக்குத் தன் அரசர், வூர்ட்டம்பெர்க்குக்குத் தன் அரசர். இரண்டு மார்க்கும் அதற்கு மேற்பட்ட காசுகளும் ஒரு பக்கம் பேரரசின் கழுகைத் தாங்க வேண்டும். மறுபக்கம் அந்தந்த ஆட்சியாளருக்கு. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் நகரங்களுக்கு அரசர் இல்லாததால் நகரச் சின்னம்.

எங்கே அச்சடித்தது என்பதை ஒரு சிறு எழுத்து சொல்லும். ரோமன் வரிசையின் முதல் எழுத்தான ஏ பெர்லினுக்கு, டி மியூனிக்குக்கு, ஈ சாக்சனியின் மூல்டன்ஹூட்டனுக்கு, எஃப் ஸ்டுட்கார்ட்டுக்கு, ஜி கார்ல்ஸ்ரூவுக்கு, ஜே ஹாம்பர்க்குக்கு. பவேரியக் காசில் டி எழுத்தைத் தவிர வேறொன்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பவேரியாவைச் சொல்லும்போது ஓட்டோவைச் சொல்லாமல் போக முடியாது. 1886 முதல் 1913 வரை அவர்தான் அங்கே அரசர். காசுகளிலெல்லாம் அவர் தலைதான். ஆனால் மனநிலை பாதிக்கப்பட்டு ஃபூர்ஸ்டன்ரீட் அரண்மனையில் அடைபட்டிருந்தவர்; ஒரு நாள்கூட ஆண்டதில்லை. ஆண்டது அவருடைய சித்தப்பா இளவரசர் லூய்ட்போல்ட், காப்பாட்சியராக. கால் நூற்றாண்டு நாட்டை நடத்திய அந்தக் கிழவரின் முகம் காசில் வந்தது ஒரே ஒரு தடவை: 1911-இல், அவருடைய 90-வது பிறந்த நாளுக்கும் காப்பாட்சியின் வெள்ளி விழாவுக்கும் சேர்த்து. இரண்டு, மூன்று, ஐந்து மார்க் மூன்றிலும் வந்தது. தாடி வைத்த தாத்தா முகம். மறு ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். என் பார்வையில் இந்த வரிசையிலேயே நியாயமான காசு இதுதான். உண்மையில் வேலை பார்த்தவருக்குக் கொடுத்தது அல்லவா!

பேரரசுக்கு முன்பு இந்த வழக்கம் இருந்ததா?

நன்றாகவே இருந்தது, அப்போது தாலர் என்ற வெள்ளிக் காசில். பிரஷ்யாவின் முதலாம் வில்ஹெல்ம் 1861 அக்டோபர் 18 அன்று கோனிக்ஸ்பெர்க்கில் முடிசூடியபோது, அவரும் அரசி அகுஸ்டாவும் முடியோடு ஒட்டி நிற்கும் முடிசூட்டுத் தாலர் வந்தது. 1866-இல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்ததும் அரசரின் தலையில் வாகை மாலை ஏறிய வெற்றித் தாலர். 1871-இல் பிரான்சை வென்றதும் இன்னொரு வெற்றித் தாலர். அதில் வாளும் கேடயமும் கொண்டு அமர்ந்த பெண்ணாக நாடு. பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் அரசுகளும் அந்த ஆண்டு தங்கள் பங்குக்கு வெற்றித் தாலர் அடித்தன.

தாலர் 18.52 கிராம், மார்க் காலத்து மூன்று மார்க்கைவிடச் சற்றுக் கனம். மார்க் வந்த பிறகும் அது மூன்று மார்க் மதிப்பில் 1907 வரை செல்லுபடியானது. அதைத் திரும்பப் பெற்றதும் மக்களுக்குக் கை வெறுமையானதுபோல ஆயிற்று. அடுத்த ஆண்டே மூன்று மார்க் என்ற புதுக் காசை அரசு கொண்டுவர வேண்டியிருந்தது. நினைவு நாணயங்களில் மிகுதியானவை இந்த மூன்று மார்க் அளவில்தான் வந்தன.

1901-ஆம் ஆண்டுக் காசில் இரண்டு தலைகள் இருக்கின்றனவே, யார் யார்?

பின்னால் இருப்பவர் முதலாம் ஃபிரெடரிக், 1701 ஜனவரி 18 அன்று தனக்குத் தானே முடிசூடிக்கொண்டு பிரஷ்யாவை முடியரசாக்கியவர். முன்னால் இருப்பவர் இரண்டாம் வில்ஹெல்ம், அதாவது நாமெல்லாம் அறிந்த கைசர். இருநூறாண்டு விழா. இரண்டு மார்க், ஐந்து மார்க் இரண்டிலும் உண்டு. இரண்டு மார்க் ஏராளமாகக் கிடைக்கிறது.

தேதியைக் கவனியுங்கள். 1871-இல் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்ததும் ஜனவரி 18-தான். முதலாம் வில்ஹெல்ம் முடிசூடிய அக்டோபர் 18, நெப்போலியன் லைப்ஸிக்கில் தோற்ற நாளின் ஆண்டு நிறைவு. பிரஷ்ய அரச குடும்பமான ஹோஹென்சோலர்ன் குடும்பம் முகூர்த்தம் பார்ப்பதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஜோசியருக்குப் பதில் வரலாற்று நாட்காட்டியைப் பார்த்தார்கள்.

குதிரை மேல் அரசரும் சுற்றிலும் கூட்டமும் உள்ள 1913-ஆம் ஆண்டுக் காசு எதைச் சொல்கிறது?

சேகரிப்பாளர்களிடம் அதிகம் புழங்கும் காசு இது. மூன்று மார்க் இருபது லட்சம், இரண்டு மார்க் பதினைந்து லட்சம் அடிக்கப்பட்டன.

கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் குதிரை மேல் பிரஷ்யாவின் மூன்றாம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம். அவரை நெருக்கியடித்துக்கொண்டு மக்கள் கூட்டம். இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை பேரை அடக்கியும் குழப்பமில்லாமல் தெரிவதுதான் சிற்பியின் திறமை. கீழே 17.3.1813 என்ற தேதி. 'அரசர் அழைத்தார், எல்லோரும், எல்லோரும் வந்தார்கள்' என்ற வாசகம். மறுபக்கம் ஒரு கழுகு, காலில் பாம்பு. வழக்கமான அரசுக் கழுகு மார்பில் கேடயத்தோடு விறைத்து நிற்கும். இது அப்படியல்ல, நிஜமாகவே வேட்டையாடும் பறவை. பாம்பு யார் என்று அன்றைய பிரஷ்யப் பள்ளிப் பிள்ளைக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை: நெப்போலியன்.

அந்தத் தேதியில்தான் பிரெஸ்லாவ் நகரிலிருந்து அரசர் 'என் மக்களுக்கு' என்ற அழைப்பை விடுத்தார். வாசகம், கிளாரன் என்ற புனைபெயரில் எழுதியவர் அந்த ஆண்டே பாடிய பாட்டின் வரி.

நடந்த கதை சற்று வேறு. நெப்போலியனோடு கூட்டுச் சேர்ந்து ரஷ்யாவுக்குப் படை அனுப்பியிருந்த அரசர் அவர். 1812 டிசம்பர் 30 அன்று யோர்க் என்ற அவருடைய தளபதி, அரசரின் அனுமதியே இல்லாமல் டவ்ரோகனில் ரஷ்யர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். கிழக்கு பிரஷ்யாவில் மக்கள் தாமாகவே படை திரட்டத் தொடங்கினார்கள். அதற்கும் பிறகு பல வாரங்கள் தயங்கித்தான் அரசர் அழைத்தார். எல்லோரும் அழைத்தார்கள், கடைசியில் அரசர் வந்தார் என்று காசில் பொறித்திருந்தால் வரலாற்றுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அப்படி ஒரு காசை எந்த அரசுதான் அடிக்கும்?

அதே 1913-இல் இன்னொரு பிரஷ்யக் காசும் உண்டு. கைசர் ஆட்சிக்கு வந்து 25 ஆண்டு. ராணுவச் சீருடையில் மார்பளவு உருவம். 1888, 1913 என்ற ஆண்டுகள். கழுத்து வரை மட்டும் காட்டிய பழைய காசுகளிலிருந்து சீருடைக்கு மாறியதை, அப்போதைய காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

லைப்ஸிக் நினைவுச் சின்னம் உள்ள காசு அடித்தது உண்மையில் 9,99,999 தானா?

ஆம், பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு. சாக்சனி அரசு 1913-இல் வெளியிட்ட மூன்று மார்க். அரசரின் தலை இல்லை. லைப்ஸிக் போரின் நினைவாக எழுப்பிய பிரம்மாண்டமான கற்கட்டடம் மட்டும். புரூனோ ஷ்மிட்ஸ் வடிவமைத்த அந்தக் கட்டடம் 91 மீட்டர் உயரம். நன்கொடையும் லாட்டரியும் சேர்த்துக் கட்டி, 1913 அக்டோபர் 18 அன்று திறந்தார்கள்.

1813 அக்டோபர் 16 முதல் 19 வரை நடந்த அந்தப் போரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மோதினார்கள். முதல் உலகப் போர் வரை ஐரோப்பா அதைவிடப் பெரிய சண்டையைக் கண்டதில்லை. இந்தக் காசை வெளியிட்ட சாக்சனி அந்தப் போரில் யார் பக்கம் நின்றது? நெப்போலியன் பக்கம். போரின் நடுவே, 18-ஆம் தேதி, சாக்சனிப் படைகள் எதிரணிக்குத் தாவின. அரசர் தாவவில்லை, லைப்ஸிக்கிலேயே சிறைப்பட்டார். பிறகு வியன்னா மாநாட்டில் சாக்சனி தன் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் பிரஷ்யாவிடம் இழந்தது. தன்னைப் பாதியாக வெட்டிய தோல்விக்கு நூறாண்டு கழித்துத் தானே வெற்றி விழாக் காசு அடித்த அரசு இது. காசில் அரசர் முகம் இல்லாதது இந்தக் கதை தெரிந்த பிறகு கண்ணை உறுத்தத் தொடங்கும்.

திருமணக் காசுகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

எழுத்துகளை. வூர்ட்டம்பெர்க் அரசர் இரண்டாம் வில்ஹெல்மும் (கைசர் அல்ல, அதே பெயர்) அரசி ஷார்லட்டும் 1911-இல் வெள்ளி விழாக் கொண்டாடினார்கள். மூன்று மார்க் காசில் இருவர் தலையும் உண்டு. அரசியின் பெயரில் வரும் ஹெச் எழுத்தின் குறுக்குக் கோட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சாதாரணக் காசில் கோடு நடுவில் இருக்கும். சில ஆயிரம் காசுகளில் மட்டும் அது மேலே ஏறியிருக்கும். அந்த ஒரு கோட்டுக்காக விலை பல மடங்கு. கோட்டைச் சுரண்டி ஏற்றிவைத்து விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு என்பதால், எழுத்தைச் சுற்றியுள்ள பரப்பு மழமழவென்று இடையூறின்றி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று பிரவுன்ஷ்வைக் என்ற சிற்றரசின் காசு. 1866-இல் பிரஷ்யா ஹனோவர் முடியரசை விழுங்கியதிலிருந்து இரண்டு அரச குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஹனோவர் வாரிசு எர்ன்ஸ்ட் அகுஸ்டும் கைசரின் ஒரே மகள் விக்டோரியா லூயிசும் 1913 மே 24 அன்று பெர்லினில் மணந்ததோடு பகை ஓய்ந்தது. திருமணத்துக்கு ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸும் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜும் வந்திருந்தார்கள். பதினைந்து மாதத்தில் மூன்று நாடுகளும் போரில். நவம்பரில் மாப்பிள்ளைக்குப் பிரவுன்ஷ்வைக் ஆட்சி கிடைத்தது. அதன் நினைவாகத் தம்பதி உருவத்தோடு 1915-இல் மூன்று மார்க்கும் ஐந்து மார்க்கும் வந்தன. முதலில் அடித்தவற்றில் மாப்பிள்ளையின் பட்டப்பெயரில் லூனபர்க் என்ற சொல் விடுபட்டிருந்தது. அது உள்ள மூன்று மார்க் முப்பதாயிரத்துக்கு மேல். இல்லாதது சுமார் 1,700 மட்டுமே.

போர் உண்மையிலேயே வந்தபோது அந்த வெற்றிகளுக்கு என்ன காசு வந்தது?

ஒன்றும் வரவில்லை. நூறாண்டுப் பழைய போருக்கு லட்சக்கணக்கில் வெள்ளிக் காசு அடித்த நாடு, தான் அப்போது நடத்திக்கொண்டிருந்த போரின் ஒரு வெற்றிக்குக்கூட வெள்ளி நாணயம் வெளியிடவில்லை. பதக்கங்கள் குவிந்தன, காசு இல்லை.

காரணம் எளிது. 1914 ஆகஸ்டில் தாளுக்குப் பதில் தங்கம் தருவது நிறுத்தப்பட்டது. மக்கள் வெள்ளியை வீட்டில் பதுக்கினார்கள். சில்லறை இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் வரத் தொடங்கியது. 'இரும்புக்குத் தங்கம் கொடுத்தேன்' என்று நகைகளைத் தானம் செய்யும் இயக்கம் நடந்தது. அந்த வாசகமும் 1813-இலிருந்து எடுத்ததே.

அடித்த எண்ணிக்கையைப் பாருங்கள், வேறு விளக்கம் வேண்டாம். 1913-இல் பிரஷ்யாவின் மூன்று மார்க் இருபது லட்சம். 1915-இல் மான்ஸ்ஃபெல்ட் பகுதி பிரஷ்யாவோடு சேர்ந்த நூற்றாண்டுக்கு, புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்லும் அழகான காசு: முப்பதாயிரம். 1916-இல் வூர்ட்டம்பெர்க் அரசரின் 25 ஆண்டு ஆட்சிக்கு: ஆயிரம். 1917-இல் ஹெஸ்ஸ ஆட்சியாளருக்கு அதே காரணத்துக்காக: 1,333. அந்த ஆண்டே சாக்சனியில், லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கி 400 ஆண்டு நிறைந்ததற்கு, அவரைக் காத்த ஃபிரெடரிக்கின் உருவத்தோடு: நூறு. 1918-இல் பவேரிய அரசர் மூன்றாம் லூட்விக், அரசி மரியா தெரேசா தம்பதியின் பொன்விழாவுக்கு: 130. அந்த நவம்பரில், ஜெர்மன் முடிமன்னர்களிலேயே முதல் ஆளாக, லூட்விக் இரவோடிரவாக மியூனிக்கைவிட்டு வெளியேறினார். 1920-களின் தொடக்கத்தில் இந்தக் காசுகள் எல்லாம் செல்லாதவை ஆயின.

நூறே நூறு அடித்த அந்தச் சாக்சனிக் காசு ஒருவரிடம் மலிவாக இருக்கிறதாம். வாங்கலாமா?

வேண்டாம். உலகின் பெரிய ஏல நிறுவனங்கள் சான்றிதழோடு விற்கும் காசு அது. இணையத்திலும் கண்காட்சி மேசைகளிலும் கிடைப்பவை நகல்கள். பொன்விழாக் காசுக்கும் இதே பதில். 'தாத்தா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது' என்ற கதை கூடவே வந்தால், தாத்தாவை மதித்து விலகிக்கொள்ளுங்கள்.

எம்டன் கப்பலுக்கும் நினைவு வெள்ளிக் காசுகளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு; அதுவும் கைசரின் காசு அல்ல, மெக்ஸிகோக் காசு.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டனை நம் ஊரில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கான கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கப்பல் சீனக் கடற்கரையின் சிங்தாவ் தளத்தைச் சேர்ந்தது. அந்தக் கடற்கரையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பணம் மெக்ஸிகோவின் வெள்ளி டாலர். ஆகவே கப்பல் பெட்டகத்தில் அவை மூட்டை மூட்டையாக இருந்தன. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. கப்பல் பவளப் பாறையில் ஏறி நின்றது. 130-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் மாண்டனர்.

பிறகு அந்தச் சிதைவிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மெக்ஸிகோ டாலர்கள் மீட்கப்பட்டன. அவற்றில் ஆயிரத்தை சிட்னி நகரத்து நகை நிறுவனமான கெர் பதக்கமாக்கியது. காசின் உச்சியில் ஒட்டிய ஒரு கிரீடம், அதன் கீழ் இரண்டு கப்பல்களின் பெயர்கள், போர் நடந்த தேதி. காசை உருக்கவில்லை, அழிக்கவில்லை. மெக்ஸிகோக் காசுக்கே உரிய கதிர் வீசும் குல்லாயும் பாம்பைக் கவ்விய கழுகும் அப்படியே இருக்கின்றன. சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குக் கொடுத்தது போக மீதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. காசின் மேல் கைவைத்தால் மதிப்புக் குறையும் என்ற விதிக்கு நான் சொன்ன விலக்கு இதுதான். கிரீடம் கழன்ற பிறகு அது வெறும் மெக்ஸிகோ டாலர். ஒட்டியிருக்கும்வரை கடற்போரின் சாட்சி. தனியே வெறும் டாலரைக் காட்டி 'எம்டனில் எடுத்தது' என்று சொன்னால் ஆவணம் கேளுங்கள்.

வீட்டிலேயே அசலா என்று பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். நகைக்கடைத் தராசு ஒன்று போதும்.

முதலில் எடை. மூன்று மார்க் 16.67 கிராம், புழங்கித் தேய்ந்தது என்றால் சற்றுக் குறையலாம், கூடாது. அடுத்து நீர்ச் சோதனை. பாதி நீருள்ள குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுக விடுங்கள். தராசு 1.6 கிராம் அளவில் காட்டினால் 900 தர வெள்ளிக்குப் பொருந்துகிறது. ஐந்து மார்க்குக்கு 2.7, இரண்டு மார்க்குக்கு 1.1. வெள்ளி முலாம் பூசிய பித்தளை அதே எடையில் இருந்தால் மூன்று மார்க் 2 கிராமுக்கு நெருக்கமாகக் காட்டிவிடும். காந்தம் ஒட்டினால் பேச்சே இல்லை.

பிறகு விளிம்பு. மூன்று, ஐந்து மார்க் காசுகளின் விளிம்பில் 'கோட் மிட் உன்ஸ்' என்று உள்ளிறங்கிய எழுத்துகள் சுற்றி ஓடும். கடவுள் நம்மோடு என்று பொருள். இரண்டு மார்க்கின் விளிம்பில் வெறும் பல்வெட்டு. மூன்று மார்க்கின் விளிம்பு மொட்டையாகவோ வெறும் பல்வெட்டாகவோ இருந்தால் போலி. வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும். பரப்பில் ஊசி முனைக் குழிகள் இருக்கும். வெள்ளியிலேயே அச்சடித்த தேர்ந்த போலிகள் இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டிவிடும். விலை உயர்ந்த காசுக்கு நிபுணரின் கண் வேண்டும்.

கறுத்துப்போயிருக்கிறது. துலக்கலாமா?

கூடாது. விபூதி, புளி, பல்பொடி, எலுமிச்சை எல்லாம் குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும். காசின் பரப்பில் அச்சு விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகள்தான் புதுக்காசின் பளபளப்பைத் தருகின்றன. தேய்த்தால் அவை போய்விடும்; பிறகு பளிச்சென்று இருக்கும், ஆனால் செத்த பளிச்சு. பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைப் பாதியாக்கும். கருநீலமும் பொன்னிறமும் கலந்து சீராகப் படிந்த கறுப்புக்கு அதிக விலை தருகிறவர்களே இருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சற்று நேரம் வைத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். அடுப்புக்கு அருகில் மட்டும் வேண்டாம்.

வைப்பதற்கு மிருதுவான, வாசனை அடிக்கும் பிவிசி உறைகள் வேண்டாம். நாளடைவில் காசின் மேல் பச்சைப் பிசின் படியும். கெட்டியான அக்ரிலிக் கூடு நல்லது.

கொக்கி பற்றவைத்து எடுத்த தடம் இருக்கிறது. மதிப்பு உண்டா?

வெள்ளி மதிப்பும் அதற்குச் சற்று மேலும். நம் காசுமாலை ஆசை ஜெர்மானியருக்கும் இருந்தது. அழகான காசுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். காசின் மேல் விளிம்பில், பன்னிரண்டு மணி இடத்தில், எழுத்து மழுங்கியோ வெள்ளி உருகி வழிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் படத்தில் அந்த இடத்தை நிழலில் விட்டிருந்தால் வேறு படம் கேளுங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

1913 பிரஷ்யா மூன்று மார்க், அதே ஆண்டு லைப்ஸிக், 1911 லூய்ட்போல்ட். மூன்றும் ஏராளமாக அடிக்கப்பட்டவை. மூன்றுக்கும் சொல்லக் கதை இருக்கிறது. தேய்ந்த காசு மூன்றை வாங்குவதைவிடத் தேயாத ஒன்றை வாங்குங்கள்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் இப்படி உண்டா?

இல்லை. விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை தலை மாறியதே தவிர, நிகழ்ச்சிக்கென்று ரூபாய் அடிக்கவில்லை, விழாக்களுக்குப் பதக்கங்களே. சமஸ்தானங்களில் சில அடித்தன. பிக்கானேர் மகாராஜா கங்கா சிங்கின் 50 ஆண்டு ஆட்சிக்கு 1937-இல் வந்த வெள்ளி ரூபாய் நல்ல உதாரணம். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-இல் நேருவுக்கு.

இந்தியாவில் வாங்கியதை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பலாமா?

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறையில், நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள நாணயமும் அடக்கம். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. கைசர் காலத்துக் காசுகள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. தபாலிலோ பெட்டியிலோ வைத்து அனுப்பிப் பார்க்காதீர்கள். வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவருகிறவர்கள் சுங்கத்தில் அறிவித்து, விற்பனை ரசீதைக் காசோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள். பின்னால் விற்கும்போதும் அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.